இடம் தெரியவில்லை என்று சொன்ன தாள்: ஹெச்.எம். நிகழ்வு ஆய்வு

1953 ஆகஸ்ட் 17ஆம் தேதி ஒருவருக்கு இ.இ.ஜி. எடுத்தார்கள்; மூளையின் மின் அலையைத் தாளில் பதியும் சோதனை அது. செப்டம்பர் 1ஆம் தேதி அதே மனிதரின் மண்டையில், புருவங்களுக்கு மேலே, இரண்டு துளைகள் போட்டார்கள். நடுவில் பதினைந்து நாள். வலிப்பை நிறுத்தச் செய்த அந்த அறுவையால் அவருக்குப் புதிய நினைவு எதுவும் தங்காமல் போயிற்று என்பது நரம்பியல் படித்த எல்லோருக்கும் தெரியும். நினைவாற்றல் பற்றி யார் பாடம் எடுத்தாலும் அவரிடமிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஆகஸ்ட் மாதத்துத் தாளைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. இ.இ.ஜி. அறையில் பொழுதைக் கழிப்பவன் என்கிற முறையில் எனக்கு அந்தத் தாள்தான் முக்கியம். இந்த நிகழ்வை அதன் வழியாகவே படித்துப் பார்க்கிறேன்.

நோயாளி

ஹென்றி குஸ்தாவ் மொலாய்சன் 1926இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். 2008 டிசம்பரில், 82 வயதில், இறக்கும்வரை மருத்துவ ஏடுகளுக்கு அவர் வெறும் ஹெச்.எம். பள்ளிப் படிப்பை முடித்தவர். மோட்டாருக்குக் காயில் சுற்றும் வேலை பார்த்தவர். பத்து வயதில் சின்ன வலிப்புகள் வர ஆரம்பித்தன. பதினாறில் பெரிய வலிப்பும் சேர்ந்துகொண்டது. ஒன்பது வயதில் சைக்கிள் மோதி விழுந்து ஐந்து நிமிடம் நினைவில்லாமல் கிடந்தார், இடது புருவத்துக்கு மேலே கிழிந்தது என்று குறிப்பில் இருக்கிறது. (வேறு சில குறிப்புகளில் அப்போது அவருக்கு ஏழு வயது.) அந்த அடிதான் காரணமா? 1957இல் இந்த நிகழ்வை வெளியிட்ட அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில்லும் உளவியலாளர் பிரெண்டா மில்னரும் அப்படிச் சொல்லவில்லை. நோயின் மூலம் தெளிவாக இல்லை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

சின்ன வலிப்பை அவர்கள் விவரித்திருக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். ஏறத்தாழ நாற்பது வினாடி. கூப்பிட்டால் பதில் இல்லை. வாய் திறக்கும், கண் மூடும், இரண்டு கைகளும் கால்களும் குறுக்காகப் பின்னிக்கொள்ளும். ஆனால் சுற்றி நடப்பது 'பாதி காதில் விழுகிறது' என்று அவரே சொல்லியிருக்கிறார். பெரிய வலிப்பு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வரும். உடம்பு முழுக்க இழுக்கும், நாக்கு கடிபடும், சிறுநீர் போய்விடும், பிறகு நெடுநேரத் தூக்கம். எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை.

நம் ஊரில் நோயாளியுடன் வந்தவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், "ஃபிட்ஸ் வந்துச்சு சார், கையில சாவி குடுத்தோம், நின்னுடுச்சு" என்பதோடு கதை முடிந்துவிடும். தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முறுக்கியது, எந்தக் கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தது, தெளிந்ததும் பேச்சு உடனே வந்ததா என்று ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். மூளையில் எந்தப் பக்கம் என்பதை இவைதான் காட்டிக்கொடுக்கும். ஒரு கை விறைத்து முறுக்கினால் பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளை. வலிப்பு நின்றதும் மூக்கைத் துடைக்கிற கை பெரும்பாலும் வலிப்பு தொடங்கிய பக்கத்துக் கை. ஹெச்.எம்.முக்கு இரண்டு கையும் சேர்ந்தே பின்னிக்கொண்டன. கதையும் பக்கம் சொல்லவில்லை.

மாத்திரைகள் கனமான அளவில், மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. பின்னாளில் தொகுக்கப்பட்ட விவரங்களின்படி, தினமும் பத்துப்போல் சின்ன வலிப்புகள், வாரத்துக்கு ஒரு பெரிய வலிப்பு. இருபத்தேழு வயதில் வேலைக்கே போக முடியாத நிலை. அந்தக் குடும்பம் அறுவைக்குச் சம்மதித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஸ்கேன் கிடையாது. சி.டி. 1971இல்தான் முதல் நோயாளியைப் பார்த்தது; எம்.ஆர்.ஐ. அதற்கும் பிறகு. அன்று இருந்தது காற்றுப் படம்: முதுகெலும்பு வழியாக மூளை நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். நோயாளிக்கு நாள்கணக்கில் மண்டை பிளக்கும். ஹெச்.எம். அதை இரண்டு முறை அனுபவித்தார். இரண்டு முறையும் முடிவு 'இயல்பு'. உடல் பரிசோதனையிலும் குறை எதுவும் இல்லை.

ஆக, இடத்தைக் காட்ட மிச்சமிருந்தது மூளை அலைப் பதிவு ஒன்றுதான்.

ஆகஸ்ட் 17

1953 என்றதும் இ.இ.ஜி. அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் அலையை முதலில் பிடித்தது 1924இல், வெளியிட்டது 1929இல். 1935இல் பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூவரும், வினாடிக்கு மூன்று என்ற கணக்கில் ஓடும் முள்ளும் மேடுமான அலையைக் காட்டிவிட்டார்கள். ஸ்பைக்-வேவ் என்று இன்றும் நாங்கள் சொல்வது அதைத்தான். கனடாவின் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டும் ஹெர்பர்ட் ஜாஸ்பரும் இ.இ.ஜி.யைக் கையில் வைத்துக்கொண்டு வலிப்பு அறுவை செய்துகொண்டிருந்தார்கள். 1951இல் சிகாகோவில் பெர்சிவல் பெய்லியும் ஃபிரெடெரிக் கிப்ஸும், பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியான டெம்போரல் மடலை அறுப்பதற்கு இ.இ.ஜி. காட்டும் இடத்தையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். பதிவு சொல்வதைக் கேட்டு அறுக்க வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

தெரியாதது எவ்வளவு நேரம் கேட்க வேண்டும் என்பது. அன்றைய கருவி மைப்பேனாக்களால் காகிதத்தில் எழுதும். காகிதம் வினாடிக்கு 3 சென்டிமீட்டர் ஓடும். ஒரு மணி நேரப் பதிவுக்கு 108 மீட்டர் காகிதம். ஒரு நாள் முழுக்கப் பதிந்தால் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல். அதை யார் மடித்து வைப்பது, யார் படிப்பது? எனவே அரை மணி, முக்கால் மணி எடுப்பார்கள். அதற்குள் வலிப்பு வந்தால் அதிர்ஷ்டம். எலக்ட்ரோடுகளை எங்கே ஒட்டுவது என்பதிலும் ஊருக்கு ஒரு வழக்கம்தான். மூக்கு மேட்டின் பள்ளத்திலிருந்து பிடரிக் குமிழ் வரை அளந்து, பத்து சதவீதம் இருபது சதவீதமாகப் பிரித்துப் புள்ளி வைக்கும் உலகப் பொதுமுறை 1958இல்தான் வெளிவந்தது.

அந்த அளவெடுப்பை ஒருமுறையாவது கிட்டே இருந்து பார்க்க வேண்டும். தையற்காரரின் நாடாவே போதும். சிவப்புப் பென்சிலால் தலையில் குறி, பஞ்சில் தேய்ப்பான் களிம்பு, முடியை இரண்டாகப் பிரித்துத் தோல் லேசாகச் சிவக்கும்வரை தேய்ப்பு, அப்புறம் பசை, கிண்ணம் போன்ற எலக்ட்ரோடு. நம் பக்கத்தில் முதல் எதிரி எண்ணெய். தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறோம். "எண்ணெய் இல்ல சார், லேசா தொட்டேன், அவ்வளவுதான்" என்று வந்து நிற்பார்கள். அந்த லேசான தொடலில் பதிவு முழுவதும் அரிசி கொதிப்பது போல் நடுங்கும். பல நாள் பதிவென்றால் பசை போதாது; கொலோடியன் என்ற ஒட்டுத் திரவத்தை ஊற்றி, அமுக்கிய காற்றால் உலர்த்த வேண்டும். அறை முழுக்க நெயில் பாலிஷ் வாசம்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். பதிவைப் படித்தவர் மருத்துவர் லிபர்சன். வெளியான கட்டுரையில் அதன் சாரம் மூன்று வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது: எத்தனை முறை எடுத்தும், வலிப்பு கிளம்பும் குறிப்பிட்ட இடம் என்று எதுவும் தென்படவில்லை. ஒருமுறை தவறவிட்டது என்று சொல்ல முடியாத அளவுக்கு, எடுத்தபோதெல்லாம் இதே பதில்.

இரண்டாவது: மூளை முழுவதும் பரவலாக மெதுவான அலை, வினாடிக்கு ஆறிலிருந்து எட்டு. விழித்திருக்கும் பெரியவர் கண்ணை மூடினால் பின்மண்டையில் எட்டிலிருந்து பதின்மூன்று வரை வர வேண்டும். இங்கே குறைவு. மூளையே சோர்ந்திருக்கலாம், கனமான மாத்திரைகளாலும் இப்படி ஆகும். அன்றைய மருந்து அளவை நினைத்தால் நான் முதலில் மாத்திரையைத்தான் சந்தேகிப்பேன்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒரு சின்ன வலிப்பின்போது, வினாடிக்கு இரண்டு அல்லது மூன்று என்ற வேகத்தில், மண்டை முழுவதும் ஒரே சமயத்தில் ஸ்பைக்-வேவ் ஓடியது. நடுமண்டை எலக்ட்ரோடுகளில் மட்டும் சிறு ஏற்றத்தாழ்வு. இடது பக்கம் கொஞ்சம் தட்டையாக இருந்தது. கட்டுரையே இதை 'உடன் வந்ததாகச் சொல்லப்பட்டது' என்ற தொனியில்தான் எழுதுகிறது. வலிப்பை ஒருவர் பார்த்திருக்கிறார், பேனா எதையோ எழுதியிருக்கிறது. இரண்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்க வழியில்லை.

ஆனாலும் அதிர்ஷ்டம் வாய்த்த பதிவு அது. வலிப்பே பிடிபட்டுவிட்டது. பிடிபட்ட வலிப்பு, ஒரு மூலையில் தொடங்கிப் பரவியதாகத் தெரியவில்லை. எல்லா இடத்திலும் ஒன்றாகக் கிளம்பியதாகத் தெரிகிறது. டெம்போரல் மடலின் உள்பக்கத்தில், புதிய நினைவைப் பதிக்கும் பகுதி ஹிப்போகாம்பஸ்; அதிலிருந்து வரும் வலிப்பு மண்டையோட்டின் மேல் இப்படி இருக்காது. வழக்கமாக ஒரு பக்கப் பொட்டுப் பகுதியில், வினாடிக்கு ஐந்து முதல் ஏழு வரையிலான ஒரு சீரான அலை, முதலில் பொடியாக எழுந்து பிறகு தடித்துக்கொண்டே போகும். ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் தூரத்திலிருந்தே தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மண்டையோட்டின் மேல் எதுவும் தெரியவில்லை என்றால் உள்ளே எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. எலும்பும் தோலும் தாண்டி ஓர் அலை மேலே தெரிய வேண்டுமானால் ஆறு முதல் பத்து சதுர சென்டிமீட்டர் மூளைப் பரப்பாவது ஒன்றாக அதிர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஹிப்போகாம்பஸ் ஆழத்தில், சுருண்டு கிடக்கிறது. அதன் கத்தல் மேலே முணுமுணுப்பாகக்கூட வராமல் போகலாம். எனவே 'மேலே தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கலாம்' என்று ஸ்கோவில் நினைத்திருந்தால் அது முட்டாள்தனம் இல்லை. ஆனால் இருக்கலாம் என்பதிலிருந்து இருக்கிறது என்பதற்குப் போக நடுவில் ஒரு பரிசோதனை வேண்டும். அந்தப் பதினைந்து நாளில் அது நடந்ததாகக் கட்டுரையில் இல்லை.

இரண்டு துளைகள்

இடம் காட்டும் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அறுவை நியாயமானதே என்று கருதப்பட்டது. இது என் வார்த்தை இல்லை. கட்டுரையின் வாதமே அதுதான். 'வெளிப்படையாகவே சோதனை முயற்சி' என்ற பொருளில் அவர்களே அதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். மறைக்கவில்லை. ஸ்கோவில் அதற்கு முன்பே கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு டெம்போரல் மடலின் உள்பகுதியை நீக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பகுதி எளிதில் வலிப்புக்கு உள்ளாகும் என்பது தெரிந்திருந்தது. இவருக்கும் அங்கேயே இருக்கக்கூடும் என்ற யூகம்.

கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில், மேல்தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்க, ஒன்றரை அங்குலத் துளைகள் இரண்டு. முன்மூளையைத் தட்டையான கரண்டியால் மேலே தூக்கி, இரண்டு பக்கமும், டெம்போரல் மடலின் உள்பக்கத்தை உறிஞ்சி எடுத்தார். மடல் நுனியிலிருந்து எட்டு சென்டிமீட்டர் என்பது அவருடைய மதிப்பீடு. நாற்பது ஆண்டு கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அது ஐந்து சென்டிமீட்டர் அளவுதான் என்று தெரிந்தது. ஹிப்போகாம்பஸின் பின்பகுதி கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

எந்தப் பக்கம் என்று தெரியாதபோது இரண்டு பக்கத்தையும் எடுப்பது. இதுதான் இந்த நிகழ்வின் முடிச்சு என்று நான் நினைக்கிறேன். பக்கம் தெரியாதது அறுவையைத் தள்ளிப்போடக் காரணமாகியிருக்க வேண்டும். இங்கே அதுவே அறுவையை இரட்டிப்பாக்கிவிட்டது.

1955 ஏப்ரல் 26

அன்று மில்னர் ஹெச்.எம்.மைச் சோதித்தார். இன்று என்ன தேதி என்று கேட்டதற்கு 1953 மார்ச் என்றார். வயது இருபத்தேழு என்றார். நுண்ணறிவு ஈவு 112. அறுவைக்கு முன்பு 104. ஏறியிருக்கிறது. நினைவாற்றல் ஈவு 67. கொஞ்ச நேரத்துக்கு முன் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தது நினைவில்லை. கனவிலிருந்து இப்போதுதான் விழித்தவர் போல் ஒவ்வொரு கணமும் இருக்கிறது என்று பின்னாளில் அவரே விவரித்தார். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரத்தின் கோட்டுக்குள் பென்சிலை ஓட்டும் பயிற்சியை மூன்று நாள் கொடுத்தபோது கை நாளுக்கு நாள் தேறியது. முந்தின நாள் அதைச் செய்த நினைவு மட்டும் இல்லை. இந்தப் பகுதி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, நீட்டவில்லை.

புத்தகங்களில் அதிகம் வராத வரி வேறு ஒன்று. அறுவை முடிந்து ஓராண்டில் மறுபடி இ.இ.ஜி. எடுத்தார்கள். ஸ்பைக்-வேவ் குறையவில்லை, கூடியிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், அதிகபட்சமாக முன்மண்டையில். வலிப்பும் தொடர்ந்தது; முன்பைப் போல் ஆளை முடக்கவில்லை என்பது மட்டும் உண்மை. பெரிய வலிப்புகள் நன்றாகவே குறைந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் ஸ்கோவில்லுக்கு அநியாயம்.

இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது: அறுத்து எடுத்த இடம் வலிப்பின் பிறப்பிடமாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. பரவும் வழிகளில் ஒன்று அடைபட்டிருக்கலாம். ஊற்று வேறெங்கோ. முன்மண்டையில் அதிகம் என்பதைக்கூட நான் அளவுக்கு மீறி நம்ப மாட்டேன். ஒரே சமயத்தில் எங்கும் பரவும் ஸ்பைக்-வேவ் சாதாரணமாகவே முன்மண்டையில்தான் உயரமாகத் தெரியும்.

மாண்ட்ரியலில் இன்னொருவர்

ஹெச்.எம்.மை மில்னர் போய்ப் பார்த்ததற்கே காரணம் வேறு இரண்டு நோயாளிகள். அவர்களில் பி.பி. என்று ஏடுகளில் குறிக்கப்படும் ஒரு பொறியாளர் நம் பொருளுக்கு மிக நெருக்கமானவர். பென்ஃபீல்ட் அவருக்கு இடது டெம்போரல் மடலின் முன்பகுதியை 1946இல் எடுத்தார், ஹிப்போகாம்பஸைத் தொடாமல். வலிப்பு நிற்கவில்லை. 1951இல் இடது ஹிப்போகாம்பஸையும் எடுத்தார். அதற்குப் பிறகு புதிய நினைவு எதுவும் தங்கவில்லை. அறுத்தது ஒரு பக்கம்தான்! அதே பக்கத்தில் அதே மாதிரி அறுத்த மற்றவர்களுக்கு இப்படி ஆகவில்லை.

பென்ஃபீல்டும் மில்னரும் ஒரு யூகத்தை வைத்தார்கள்: அறுக்காத வலது பக்கம் ஏற்கெனவே கெட்டிருந்திருக்க வேண்டும், வேலை செய்துகொண்டிருந்த ஒரே ஹிப்போகாம்பஸை நாம் எடுத்துவிட்டோம். பி.பி. 1964இல் இறந்தார். மூளையைப் பரிசோதித்தபோது வலது ஹிப்போகாம்பஸ் சுருங்கிக் கிடந்தது. அந்த முடிவு அச்சில் வந்தது 1974இல்.

எங்கே தொடங்குகிறது என்று மட்டும் கேட்டால் போதாது, எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும் என்றும் முதலிலேயே கேட்டாக வேண்டும். மாண்ட்ரியலில் இதற்கு ஒரு வழி பின்னால் கிடைத்தது. ஜப்பானில் ஜுன் வாடா 1940களின் இறுதியில் ஒரு முறையைச் செய்து பார்த்திருந்தார். கழுத்து இரத்தக் குழாயில் அமோபார்பிட்டால் செலுத்தினால் அந்தப் பக்கத்து அரை மூளை சில நிமிடம் தூங்கிவிடும். எதிர்ப்பக்கக் கை தொப்பென்று விழும். பேச்சு எந்தப் பக்கம் என்று அறியத்தான் அவர் அதைப் பயன்படுத்தினார். 1950களில் அது மாண்ட்ரியலுக்கு வந்தது. மில்னர் அதில் நினைவுச் சோதனையையும் சேர்த்தார். அரை மூளை தூங்கும்போது சில பொருட்களைக் காட்டு. விழித்ததும் எதைப் பார்த்தாய் என்று கேள். சொல்லத் தெரியவில்லையா? அப்படியானால் விழித்திருந்த பக்கத்தை மட்டும் நம்பி மறுபக்கத்தை வெட்டாதே. அறுவைக்கு முன்பே, சில நிமிடத்துக்கு மட்டும், அறுவையை ஒத்திகை பார்ப்பது போல.

இதே மாண்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயின்றுவிட்டு வந்தவர் ஜேக்கப் சாண்டி. இந்தியாவின் முதல் வலிப்பு அறுவை 1952இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அவர் கையால் நடந்தது. நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங் உடனிருந்தார். ஹெச்.எம். அறுவைக்கு ஓராண்டு முன்பு. நோயாளி, குழந்தையிலேயே உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்துபோன இளைஞர். செயலிழந்த கையும் காலும் எந்தப் பக்கத்து மூளை என்பதை நோயாளி கதவைத் திறந்து நடந்து வரும்போதே சொல்லிவிடும். தொடக்க கால வலிப்பு அறுவைகளில் இப்படிப்பட்டவர்கள் முதலில் எடுக்கப்பட்டதற்கு அந்த வெளிப்படைத்தன்மையே காரணம் என்று நினைக்கிறேன்.

இன்று இருந்தால்

ஹெச்.எம். இன்று ஒரு கண்காணிப்பு வார்டில் சேர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

முதலில் கட்டிலின் மேல் கேமரா. தலையில் இருபத்தொரு எலக்ட்ரோடு, பொட்டின் கீழ்ப்பகுதிக்குக் கூடுதலாகச் சில. துணி சுற்றிக் கட்டி, கம்பிகளைப் பின்னல் போல் முதுகில் தொங்கவிடுவார்கள். மூன்று நாள், ஐந்து நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேல். மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்போம். வலிப்பை வரவிடாமல் இத்தனை வருஷம் பாதுகாத்த அம்மாவிடம் போய், "அம்மா, இங்க வலிப்பு வரணும், வந்தாதான் நல்லது" என்று சொல்வது இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. சாவியைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்திருப்பார்கள். வலிப்பு வந்ததும் பொத்தானை அழுத்துங்கள், போர்வையை விலக்குங்கள், கேமராவுக்கு நடுவில் நிற்காதீர்கள் என்று மூன்று முறை சொல்லியிருப்போம். பதிவை ஓட்டிப் பார்த்தால் நாற்பது வினாடியும் அம்மாவின் முதுகுதான் தெரியும்.

செவிலியர் ஓடிவந்து பேர் கேட்பார், கையைத் தூக்கச் சொல்வார், 'யானை' என்று ஒரு சொல்லைக் கொடுத்து நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வார். தெளிந்த பிறகு அந்தச் சொல்லைக் கேட்பார்கள். ஹெச்.எம். விஷயத்தில் அந்த ஒரு சொல் எவ்வளவோ சொல்லியிருக்கும். பாதி காதில் விழுகிறது என்றாரே, உண்மையாகவே பதிகிறதா என்று தெரிந்திருக்கும். வழக்கமான வலிப்பு மூன்று நான்காவது பிடிபடும்வரை விடமாட்டோம். ஒன்றே ஒன்றை வைத்து முடிவெடுப்பதில்லை. சிலருக்கு முதல் இரண்டு இடதிலும் மூன்றாவது வலதிலும் கிளம்பும். மூன்றாவதைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தால்?

பிறகு எம்.ஆர்.ஐ. ஹிப்போகாம்பஸ் ஒரு பக்கம் சுருங்கி வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நினைவும் மொழியும் தனியாகச் சோதிக்கப்படும். அதன் பின்பே எல்லோரும் ஒரு மேசையில் உட்காருவார்கள். பதிவும் படமும் காணொளியும் ஒரே இடத்தைக் காட்டினால் அறுவை. ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், ஆனால் ஓர் இடத்தில் நியாயமான சந்தேகம் இருந்தால், ஆழ எலக்ட்ரோடு. 1950களின் கடைசியிலிருந்து பாரிஸின் சான்தான் மருத்துவமனையில் தாலராக்கும் பான்கோவும் வளர்த்தெடுத்த முறை அது: மண்டையோட்டில் ஊசித்துளை போட்டு, மெல்லிய கம்பிகளை ஹிப்போகாம்பஸ் வரை இறக்கி, அங்கேயே காதை வைத்துக் கேட்பது. ஆனால் கம்பி நுனிக்குப் பக்கத்தில் நடப்பதை மட்டுமே அது கேட்கும். எங்கே இறக்குவது என்று முன்பே ஒரு யூகம் இல்லாமல் இறக்கினால் வீண்.

ஹெச்.எம். அந்த மேசைக்கு வந்தால் என்ன முடிவாகும் என்று ஜூனியர்களைக் கேட்பது என் வழக்கம். பெரும்பாலோர் 'ஆழ எலக்ட்ரோடு' என்பார்கள். நான் அதுவரை போகவே மாட்டேன் என்பேன். பக்கம் காட்டாத வலிப்பு, எங்கும் ஒன்றாகக் கிளம்பும் ஸ்பைக்-வேவ், இயல்பான படம்: முதலில் இது அறுவைக்கு வேண்டிய நோய்தானா என்பதே சந்தேகம். இந்த வகை அலைக்கு நன்றாகக் கேட்கும் வால்ப்ரோயேட் 1960களின் பிற்பகுதியில்தான் சந்தைக்கு வந்தது. அவர் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட ஃபெனிடாயின் இப்படி எங்கும் ஒன்றாகக் கிளம்பும் சில சின்ன வலிப்புகளைக் கூட்டவே செய்யும் என்பது இன்று தெரியும்; அது அவருடைய சிறுமூளையையும் தேய்த்துவிட்டது, அது படத்தில் தெரிந்தது. இடது பக்கத்தில் அலை தட்டையானது மட்டும்தான் எனக்கு உறுத்தல். அதற்காக இன்னும் நாலு வலிப்பைப் பதிந்து பார்ப்பேன். தட்டையாவது எப்போதும் இடதுதானா, ஸ்பைக்-வேவுக்கு முன்னால் ஒரு அரை வினாடியாவது அது தனியாக எழுகிறதா என்று தேடுவேன். முன்மூளையின் உள்பக்கத்தில் ஒரு புள்ளி தொடங்கி இரண்டு பக்கமும் கண் இமைக்கும் நேரத்தில் பரவினால், மேலே பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றாகத் தொடங்கியது போலவே தெரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு அறுவை என்றாலே பயப்பட வேண்டாம். மருந்துக்கு அடங்காத, இடம் தெரிந்த டெம்போரல் மடல் வலிப்புக்கு அறுவையைப் போல் மருந்து உதவாது. கனடாவில் டெம்போரல் மடல் வலிப்புள்ள 80 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2001இல் வெளியானது. ஓராண்டு முடிவில் அறுவைக் குழுவில் 58 சதவீதம் பேர் உணர்விழக்கும் வலிப்பில்லாமல் இருந்தார்கள். மருந்துக் குழுவில் 8 சதவீதம். அந்த 58க்குள் ஒவ்வொருவரும் வருவதற்கு முன்னால், கண்காணிப்பு அறையில் யாரோ ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

2009 டிசம்பரில் ஹெச்.எம்.மின் மூளையை உறைய வைத்து, கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில், 53 மணி நேரத்தில் 2401 சீவல்களாகச் சீவினார்கள். ஸ்கோவில் எவ்வளவு எடுத்தார், எவ்வளவு விட்டார் என்பது இப்போது மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். ஆனால் சீவி வைத்த மூளையில் அலை ஓடாது. வலிப்பு எங்கிருந்து கிளம்பியது என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சி, 1953 ஆகஸ்டில் ஒரு பேனா கிறுக்கிய காகிதமும், அடுத்த ஆண்டு இன்னொரு பேனா கிறுக்கியதும்தான். இரண்டிலுமே பொட்டுப் பக்கம் எதுவும் இல்லை.